வெள்ளை சாசேஜ் ஏன் வெள்ளை

பயம் இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம். முதலாளிக்கும் அதிகாரிக்கும் பயப்படுகிற பயத்தைச் சொல்லவில்லை. நாம் ஏற்றி அனுப்பியதை முகம் தெரியாத ஒருத்தர் நடுக்கடலில் வாயில் வைக்கிறார். அந்தப் பயம்.

கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் சப்ளை செய்யும் கம்பெனியில் இருந்தேன். தண்டையார்பேட்டை கிடங்கு. பொட்டலம் கட்டச் சேர்ந்தேன், குளிர் அறைப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றேன். புதிதாக வந்திருக்கிற உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எனக்குப் படிப்பு கம்மி. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் காசிமேட்டுக்காரி. என் வீட்டுக்காரர் விசைப்படகில் போனவர். ஒருமுறை அவர்கள் படகில் ஒருத்தர் முந்தின நாள் குழம்பைச் சாப்பிட்டுவிட்டார். வாந்தி, பேதி. படகைத் திருப்பினார்கள். கரை வருவதற்குள் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் கரையில் இறங்கியதும் வீட்டுக்கு வந்து கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவிக்கொண்டே இருந்தார். நிலத்தில் வயிறு கெட்டால் ஆட்டோ பிடிக்கலாம். கடலில் எதைப் பிடிப்பது?

விஷயத்துக்கு வருகிறேன்.

எண்ணூர் துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றது. அதன் கேப்டன், அதாவது தலைவர், ஜெர்மனி நாட்டுக்காரர். ஆட்கள் பல நாடு. சமையல்காரர் ராயப்பன், நம் தூத்துக்குடிக்காரர். மறுநாள் தலைவருக்குப் பிறந்தநாள். அவர் ஊரில் காலை நாஸ்தாவுக்குச் சாப்பிடுகிற, கறியை அரைத்துக் குடலில் அடைத்த வெள்ளை சாசேஜ் வேண்டும் என்று ராயப்பன் கேட்டிருந்தார். முதலாளி பெங்களூரிலிருந்து வரவழைத்தார். கூடவே மற்ற ஆட்களுக்காகச் சிவப்பு சாசேஜ். இரண்டும் உறைந்த சரக்கு. காய்கறி, முட்டையோடு அன்று மாலைக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றியதும் கப்பல் புறப்படும். அடுத்த கரை நாள்கணக்கில் தள்ளி.

வழக்கமாகக் கொண்டுபோகிற ஆள் லீவு. நான் போனேன். வண்டி ஓட்டியது செல்வம். அவனும் காசிமேடுதான். வாய் ஓயாது, ஆனால் வேலைக்காரன்.

கத்திரி வெயில். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன. அந்த வரிசை உங்களுக்குத் தெரியும். நுழைந்துவிட்டால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. ஒருபக்கம் கடல், ஒருபக்கம் லாரி. செல்வம் எஞ்சினை நிறுத்தாமல் வைத்திருந்தான். பின்னால் குளிர்ப்பெட்டியின் மிஷின் உறுமிக்கொண்டே இருந்தது.

பிறகு உறுமல் நின்றது.

சத்தம் இருக்கும்போது அது காதில் விழவே இல்லை. நின்ற பிறகுதான் விழுந்தது. செல்வம் இறங்கிப் பார்த்தான். பெல்ட் அறுந்து கிடந்தது.

"பேஜாருக்கா. மெக்கானிக் இங்க வர்றதுக்குள்ள நாம செத்து சுண்ணாம்பாயிடுவோம்."

கதவைத் திறக்காதே என்றேன். மூடி வைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். வண்டியில் எப்போதும் இரண்டு தெர்மாகோல் பெட்டி இருக்கும். பக்கத்துக் குப்பத்தில் ஐஸ் கிடைக்குமா பார்த்துவிட்டு வா, நான் முன்னால் போய் போலீஸிடம் கேட்டு வண்டியை ஓரமாக விடச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். கேட்டேன். அவர் வரிசையைக் கை காட்டினார். எல்லாருக்கும் அவசரம்தான் என்றார். அதுவும் நிஜம்.

நான் திரும்பி வந்தபோது செல்வம் ஐஸ் வாங்கி வந்து வேலையை முடித்திருந்தான். பெட்டிகளில் பாதிச் சரக்குக்குத்தான் இடம். சிவப்பை எல்லாம் ஐஸில் புதைத்திருந்தான். வெள்ளை சாசேஜ் அட்டைப்பெட்டியோடு ஐஸுக்கு வெளியே இருந்தது.

"சூரைய முதல்ல ஐஸ்ல போடுவோமா, வவ்வால போடுவோமா? ரத்தம் கீறதுதான முதல்ல நாறும். வெள்ள சரக்கு தாங்கும்க்கா."

எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வலையில் பலவகை மீன் வந்து ஐஸ் போதாமல் போனால் சிவந்த கறியுள்ள மீனுக்குத்தான் முதல் ஐஸ். சூரை வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தாலே போச்சு. வவ்வால் அப்படி இல்லை. மீனில் இது தப்பே இல்லை. எனக்கும் சரியாகத்தான் பட்டது. நல்ல வேலை செய்தாய் என்றேன்.

வரிசை நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது. வண்டிக்குள்ளே வேர்த்து ஊற்றியது. துறைமுக வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்தபோது ராயப்பன் போன் செய்தார்.

"யக்கா, எங்க நிக்கிய? கப்பல வெளிய எடுக்க பைலட்டு வந்துருவாரு. ஏணியத் தூக்கிருவாவ."

மிஷின் நின்றதைச் சொன்னேன். சிவப்பெல்லாம் ஐஸில் பத்திரமாக இருக்கிறது, கவலை வேண்டாம் என்றேன்.

சிவப்பைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

"வெள்ளை எங்கக்கா இருக்கு?" என்றார்.

ஐஸுக்கு வெளியே என்றேன்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பண்டத்தின் பெயருக்கு அர்த்தம் தெரிந்தது. வைஸ்வுர்ஸ்ட் என்பது அதன் பெயர். வைஸ் என்றால் வெள்ளை. வுர்ஸ்ட் என்றால் சாசேஜ். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. ஆனால் ஏன் வெள்ளை என்று அவர் சொன்னார். கறி தானாகச் சிவப்பாக நிற்காது. வேகவைத்தால் வெளுத்துவிடும். சிவப்பு சாசேஜில் ஒரு தனி உப்பு போடுகிறார்கள். அந்த உப்புதான் நிறத்தைப் பிடித்து வைக்கிறது. அதே உப்புதான் சீக்கிரம் கெடாமலும் வைக்கிறது. வெள்ளையில் அந்த உப்பு இல்லை. அதனால்தான் அது வெள்ளை. அதனால்தான் அந்தப் பெயர்.

அது வந்த கதையும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர். திருவிழா நாள், கடை நிறைய ஆள். சாசேஜ் அடைக்கிற ஆட்டுக்குடல் தீர்ந்துபோனது. கையில் இருந்தது பன்றிக்குடல். அதில் அடைத்தார். பொரித்தால் வெடித்துவிடுமோ என்று பயந்து வெந்நீரில் போட்டு எடுத்தார். அப்படிப் பிறந்தது என்று சொல்கிறார்களாம். நிஜமோ கட்டுக்கதையோ. ஐஸ் இல்லாத காலத்தில் காலையில் செய்ததை உச்சி வெயிலுக்கு முன்னால் தின்று தீர்ப்பது அந்த ஊர் வழக்கம். அதுவும் குளிர் நாட்டில்.

இதையெல்லாம் அவர் வேகமாகச் சொன்னார். கதை சொல்கிற குரல் இல்லை.

போனை வைத்துவிட்டு இறங்கினேன். பின்கதவைத் திறந்து வெள்ளை இருந்த அட்டைப்பெட்டியில் கையை வைத்தேன். அட்டை நனைந்து ஊறியிருந்தது. உள்ளே விரலை விட்டு ஒரு பாக்கெட்டை அழுத்தினேன். மெத்தென்று அமுங்கியது. குளிர் இல்லை. என் கைச்சூடு இருந்தது.

மூக்கில் வைத்துப் பார்த்தேன். வாசனை இல்லை. பாக்கெட் சீல் வைத்தது, எப்படி வரும்? நிறத்தைப் பார்த்தேன். வெள்ளை. காலையிலும் வெள்ளைதான். மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். கண்ணைப் பார்ப்பேன். வயிற்றை அழுத்துவேன். இதற்குச் செவுளும் இல்லை, கண்ணும் இல்லை. இத்தனை வருஷம் நான் நம்பிய கண்ணும் மூக்கும் கையும் ஒன்றும் சொல்லவில்லை.

முதலாளிக்குப் போன் போட்டேன். அவரும் தெற்கத்திக்காரர். கெட்டவர் இல்லை. கஷ்டப்பட்டு மேலே வந்தவர். அந்தக் கப்பல் கம்பெனி எங்களிடம் புதிது. முதல் சப்ளையிலேயே தலைவர் கேட்டது இல்லை என்றால் அடுத்த கப்பல் வராது. அது எனக்கும் தெரியும்.

"வாசம் வருதா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"அப்புறம் என்னத்துக்குப் பயப்படுத? கப்பல் ஃப்ரீசர்ல போட்டா ராவுக்குள்ள கல்லு மாதிரி ஆயிரும். ஏத்திட்டு வா."

அதுதான் என் பயமே. ராத்திரிக்குள் கல்லாகிவிடும். கல்லான பிறகு அது கெட்டதா நல்லதா என்று யாருக்கும் தெரியாது. காலையில் வெந்நீரில் போட்டுத் தட்டில் வைப்பார்கள். தலைவருக்குப் பிறந்தநாள். எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கப்பலை ஓட்டுகிறவரும் சாப்பிடுவார். மிஷின் பார்க்கிறவரும் சாப்பிடுவார். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வயிறு கெட்டால் கப்பலைத் திருப்ப யார் இருப்பார்கள்?

வாசலில் சோதனை முடிந்து உள்ளே போனோம். கப்பல் அடியில் வண்டி நின்றது. கீழே இருந்து பார்த்தால் அது கப்பல் மாதிரி தெரியாது. கறுப்புச் சுவர் மாதிரி இருக்கும். மேலிருந்து கிரேன் வலையை இறக்கியது. செல்வத்திடம் வெள்ளையை ஏற்றாதே என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் முதலாளி மறுபடி போனில் கூப்பிட்டார். கப்பல் மிஷின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு வண்டிக்கு மறுபுறம் போனேன். அவர் சொன்னதையே சொன்னார். நானும் சொன்னதையே சொன்னேன். திரும்பி வந்தபோது வலை மேலே போய்க்கொண்டிருந்தது.

"வெள்ளை எங்கடா?"

"மேல போய்கினு கீது. மொதலாளி ஏத்த சொல்லிட்டாருல்ல?"

முதலாளி அவனுக்கும் முன்பே போன் போட்டிருந்தார்.

மேலே ஆட்கள் ஏணிக்குப் பக்கத்தில் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். தூக்கப் போகிறார்கள்.

நான் மீனவ வீட்டுப் பெண். தண்ணீர் எனக்குப் பயம் இல்லை. ஆனால் கப்பல் ஏணி பயம். கீழே இருந்து மேலே சாய்ந்து தொங்கும். கால் வைத்தால் ஆடும். கீழே பார்த்தால் கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் ஒரு சந்து, அதில் கறுப்புத் தண்ணீர் மேலும் கீழும் இழுக்கும். அதற்கு முன்னால் நான் ஏறியது இல்லை. எப்போதும் கரையோடு சரி. அன்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். பாதியில் கைப்பிடியை இறுகப் பிடித்தேன். நின்றேன். கீழே பார்க்கவில்லை. இங்கே நின்றால் இறங்கிவிடுவேன் என்று தோன்றியது. மறுபடி ஏறினேன்.

ராயப்பன் மேலே நின்றார். என்னைச் சாமான் அறைக்குக் கூட்டிப்போனார். ஃப்ரீசர் கதவுக்கு முன்னால் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவர் இன்னும் உள்ளே வைக்கவில்லை. அவருக்கும் மனம் வரவில்லை.

திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். அப்போது அவர் போன் அடித்தது. முதலாளி. ஊர்ப்பக்கத்து ஆள் என்று தெரிந்து அவரிடமே பேசுகிறார். ராயப்பன் "சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி" என்று கேட்டுக்கொண்டே நின்றார். பேசி முடித்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி சொல்லுதாவ, ஒண்ணும் ஆவாதுன்னு. நல்லா வேகவைச்சாப் போதுமாம். இருக்கட்டுங்கக்கா."

"நீதான இப்போ சொன்ன, உச்சி வெயிலுக்கு முன்ன தின்னுடணும்னு?"

"சொன்னேன். கேப்டன்ட்ட இல்லன்னு நான்தான போய்ச் சொல்லணும்? இந்தக் காண்ட்ராக்டு போனா என்னைய இன்னொருத்தன் வேலைக்கு எடுப்பானாக்கா?"

அவர் அழுதுவிடுவார் போல இருந்தது. அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்றில்லை. என்னைவிட அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தவர் வாயையே பயம் மூடிவிட்டது. அவருக்கு ஒரு பயம், முதலாளிக்கு ஒரு பயம், எனக்கு ஒரு பயம். மூன்றில் எது பெரியது என்று அங்கே நின்று யோசித்தேன். வெளியே யாரோ கத்தி ஏணியைத் தூக்கப் போவதாகச் சொன்னார்கள்.

பெட்டி பிரிக்கிற கத்தி என் இடுப்பில் எப்போதும் இருக்கும். எடுத்தேன். முதல் அட்டையைக் கிழித்தேன். உள்ளே இருந்த பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக நீளவாக்கில் கீறினேன். தண்ணீர் வழிந்தது. வெள்ளையாக ஒவ்வொன்றும் பிளந்தது. ராயப்பன் கையைப் பிடிக்க வந்தார். பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தார். அப்புறம் அடுத்த பெட்டியைத் தூக்கி என் முன்னால் வைத்தார்.

திருப்பி எடுத்துப் போகிறேன் என்று பேசிக்கொண்டிருந்தால் இன்னொரு போன் வரும். இன்னொருத்தர் சரி என்பார். கீறிவிட்டால் பேச ஒன்றும் இல்லை. அதற்காகத்தான் கீறினேன். கோபத்தில் இல்லை.

"கேப்டன்ட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"

"கரையில இருந்து ஒரு பொம்பள வந்து கீறிட்டா, தடுக்க முடியலன்னு சொல்லு."

கீறியதை எல்லாம் சாக்கில் கொட்டிக் கட்டினோம். அவர் ஆள் வைத்து வலையில் கீழே இறக்கினார். நான் இறங்கி முடித்ததும் ஏணி தூக்கப்பட்டது. ராயப்பன் மேலே நின்று கையைத் தூக்கினார். பிறகு கப்பல் நகர்ந்தது. சிவப்பு போனது. வெள்ளை போகவில்லை.

வண்டியில் முதலாளி போன். கெட்டுப்போயிருந்தது என்று உனக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். இன்றைக்கும் தெரியாது. தெரியாமலா அத்தனை சரக்கையும் நாசம் பண்ணினாய் என்றார். ஆமாம் என்றேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று வைத்துவிட்டார். மறுநாள் நான் வழக்கம்போலப் போனேன். அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. நான் வேலையைப் பார்த்தேன். அந்தக் கப்பல் கம்பெனி பிறகு எங்களிடம் வாங்கவே இல்லை. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சரியாகச் செய்தால் நல்லது நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சில சமயம் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காமல் இருக்கத்தான் செய்கிறோம்.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். தெரிகிறபோது முடிவெடுப்பது வேலையே இல்லை. கெட்டது என்று தெரிந்தால் யாரும் தூக்கிப் போடுவார்கள். நல்லது என்று தெரிந்தால் யாரும் ஏற்றுவார்கள். தெரியாதபோது என்ன செய்கிறீர்கள் என்பதுதான் வேலை. ஒரு சரக்கு நமக்குப் புதிது என்றால், அது ஏன் அப்படி இருக்கிறது, ஏன் அந்தப் பெயர் என்று வண்டி கிளம்பும் முன்னால் கேளுங்கள். வழியில் கேட்டால், ஐஸில் வேறு சரக்கு இருக்கும்.

அன்று திரும்பி வரும் வழியெல்லாம் செல்வம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தான்.

"உனுக்கு மறை கழண்டுச்சுக்கா. ஒண்ணியும் ஆயிருக்காது. நானே ரெண்டு துன்னுருப்பேன். எங்க வூட்டுக்கு எட்துனு போயிருந்தா புள்ளைங்க துன்னுருக்கும்."

நான் இடுப்புக் கத்தியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கிடங்குக்கு வந்தபோது பொழுது சாயவில்லை. சாக்கை இறக்கிப் பின்புறம் குப்பைத்தொட்டி ஓரமாகப் போட்டோம். கட்டு அவிழ்ந்து வெள்ளையாகக் கொஞ்சம் சரிந்து விழுந்தது. அந்தத் தெருவில் ஒரு பழுப்பு நாய் உண்டு. செல்வம் தினமும் டீ குடிக்கும்போது அதற்குப் பொறை பிஸ்கட் வாங்கிப் போடுவான். அவனைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். அன்றும் வந்தது. அவன் காலை நக்கியது. அப்புறம் மோப்பம் பிடித்து, சரிந்து கிடந்ததற்குப் பக்கத்தில் போய் வாயை வைக்கப் போனது.

செல்வம் "தே" என்று கத்தினான். குனிந்து கல்லை எடுத்து எறிந்தான். நாய்க்குப் புரியவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று அவனைப் பார்த்து வாலை ஆட்டியது. அவன் இன்னொரு கல்லை எடுத்தான். இந்த முறை அதன் மேலேயே பட்டது. கத்திக்கொண்டு ஓடியது.

அவன் சாக்குக்கும் தெருவுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டான். கையில் கல் இருந்தது. என் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"யக்கா, இதும்மேல ஊத்தறதுக்கு உள்ள பினாயில் கீதா?"